நீச்சல்குளத்தின் முதல் நாள்: பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோடை விடுமுறையில் சிறுவர் சிறுமியருக்கு நீச்சல் முகாம் நடத்தும் பயிற்சியாளர்களுக்கும், அந்தக் குளங்களை நிர்வகிக்கும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் திருச்சிராப்பள்ளியில் வசிப்பவள். எட்டு வயது மகளுக்குத் தாய். இரண்டு கோடைகளில் இரண்டு வெவ்வேறு குளங்களில் அவளைச் சேர்த்தேன். முதல் கோடையில் மூன்றாம் நாளோடு நின்றுவிட்டாள். அடுத்த கோடையில் முகாம் முடிந்து வெகுநாள் ஆன பிறகும், ஞாயிற்றுக்கிழமை நான் எழுவதற்கு முன்பே நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு கட்டிலருகில் வந்து நின்றாள். பிள்ளை அதே பிள்ளைதான். இரண்டு குளங்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான். கட்டணத்தில்கூடப் பெரிய வேறுபாடில்லை. வேறுபட்டது முதல் சில நாள்கள் நடத்தப்பட்ட விதம் மட்டுமே. அதைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இம்மடல்.

முதல் குளத்தின் பெயரையோ அங்கிருந்தவர்களின் பெயரையோ நான் சொல்லப்போவதில்லை. அங்கே நடந்தது பல ஊர்களில், பல குளங்களில், நல்ல மனத்தோடே நடப்பதுதான். காலை ஏழு மணி வகுப்பு. நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு மாஸ்டர்கள். முதல் இரண்டு நாளும் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் அடிக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் எல்லாரையும் ஆழமான பக்கம் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவராகத் தூக்கித் தண்ணீரில் போட்டார்கள். என் மகள் தன் முறை வந்தபோது ஏணிக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். மாஸ்டர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே அவளுடைய விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பிறகு தூக்கிப் போட்டார். உள்ளே நின்ற இன்னொரு மாஸ்டர் சில விநாடிகளில் அவளை மேலே தூக்கிவிட்டார். உயிருக்கு ஆபத்து ஏதும் நேரவில்லை. வேலிக்கு வெளியே நின்ற பெற்றோர் சிரித்தார்கள், கைபேசியில் படம் எடுத்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பயிற்சியாளர்கள் பார்ப்பதில்லை. அது வீட்டுக் குளியலறையில் நடப்பது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவது ஒரு போராட்டமாயிற்று. ஒரு குவளைத் தண்ணீரைத் தலைக்கு மேல் தூக்கினாலே கண்ணை இறுக மூடி, என் சேலையைப் பிடித்துக்கொள்வாள். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. பணம் கட்டி, சேர்த்து, அவளுக்கு நான் வாங்கிக்கொடுத்தது தண்ணீர்ப் பயத்தைத்தான்.

"எங்களை எல்லாம் கிணற்றில் தள்ளிவிட்டுத்தான் நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள், நாங்கள் கெட்டா போய்விட்டோம்?" என்று இதைக் கேட்பவர்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள். என் அண்ணனும் இதையே சொன்னார். அவர் கற்றது துறையூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பாவின் கிணற்றில். அந்தக் கிணற்று மேட்டில் துண்டுகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருந்தவள் நான் என்பதால், நடந்தது எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. தள்ளிவிட்டது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கோடைகள் அண்ணன் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, பெரிய பையன்கள் மேட்டிலிருந்து குதிப்பதையும், தண்ணீருக்குள்ளேயே தொட்டுப் பிடித்து விளையாடுவதையும், யார் அடியிலிருந்து முதலில் கல்லெடுத்து வருவது என்று பந்தயம் கட்டுவதையும் ஏக்கத்தோடு பார்த்திருந்தார். பெரியப்பாவின் முதுகில் தொற்றிக்கொண்டு கிணற்றை எத்தனையோ முறை சுற்றி வந்திருந்தார். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கைகாலை அடித்திருந்தார். தள்ளியது கடைசி நாள் வேலை. நம் நினைவில் அந்தக் கடைசி நாள் மட்டும் தங்கி, அதற்கு முந்தைய இரண்டு கோடைகள் உதிர்ந்துவிட்டன. உங்கள் முகாம்களில் பல, உதிர்ந்ததை விட்டுவிட்டுத் தங்கியதை மட்டும் பாடமாக வைத்திருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. அதே கிணற்றில் தள்ளப்பட்ட என் சித்தப்பா மகன் அன்று மேலேறி ஓடியவர்தான், திரும்பி வரவில்லை. இன்று அவருக்கு ஐம்பது வயதாகிறது. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் நாங்கள் எல்லாரும் இறங்கிக் குளிக்கும்போது, அவர் கணுக்கால் நனையும் படியோடு நின்றுகொண்டு, ஒரு சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொள்கிறார். தள்ளியதால் கற்றவர்கள் அந்தக் கதையை வாழ்நாள் முழுதும் பெருமையாகச் சொல்கிறார்கள். தள்ளியதால் நின்றுபோனவர்கள் கதை சொல்வதில்லை. ஆகையால் அந்த முறையின் வெற்றிக் கணக்கு எப்போதும் ஒரு பக்கமே எழுதப்பட்டு வந்திருக்கிறது.

இனி இரண்டாவது குளம். அங்கே பயிற்சி கொடுத்தவர் ஒரு பெண்மணி. வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகள். முகாம் திங்கட்கிழமை தொடங்குகிறதென்றால், ஞாயிற்றுக்கிழமை மாலையே பிள்ளைகளைக் கூட்டிவரச் சொன்னார். நீச்சல் உடை வேண்டாம், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். குளத்தைச் சுற்றி நடக்கவிட்டார். எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் கால் எட்டும், உடை மாற்றும் அறை எங்கே, கழிப்பறை எங்கே, மோட்டார் ஏன் அப்படி இரைகிறது என்பதையெல்லாம் காட்டினார். என் மகள் கேட்ட ஒரே கேள்வி, "தள்ளிவிடுவீங்களா மிஸ்?" என்பதுதான். "நீயா வந்து 'குதிக்கட்டுமா'ன்னு என்கிட்ட கேக்குற வரைக்கும் குதிக்கவே விடமாட்டேன்" என்றார் அவர். பயந்த பிள்ளைக்கு 'பயப்படாதே' என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அவள் பயப்படும் காரியம் நடக்காது என்று உறுதி சொல்லி, அந்த உறுதியைக் காப்பாற்றினால்தான் பிடி தளர்கிறது. அவர் கடைசிவரை காப்பாற்றினார்.

மறுநாள் ஒரு எவர்சில்வர் சொம்போடு வந்தார். இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து, காலிச் சொம்பை நடுவில் விட்டார், மிதந்தது. ஒரு பையனைச் சாய்க்கச் சொன்னார். தண்ணீர் புகுந்து, குமிழி விட்டு, அடியில் போய் உட்கார்ந்தது. "மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துப் பிடிச்சா நீங்க எல்லாம் காலிச் சொம்பு" என்றார். பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, ஆமைபோல் சுருண்டுகொள்ளச் சொன்னார். சுருண்டவுடன் ஒவ்வொரு முதுகும் தானாக நீர்மட்டத்துக்கு வந்து நின்றது. மிதப்பதற்குத் தாங்கள் எதுவுமே செய்ய வேண்டியதில்லை, மூழ்குவதற்குத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட அந்தக் கணத்தில் எட்டுப் பிள்ளைகளும் போட்ட கூச்சல் வேலிக்கு வெளியே எங்களுக்குக் கேட்டது. அன்றிரவு என் மகள் வீட்டிலிருந்த சொம்புகளையெல்லாம் வாளியில் மிதக்கவிட்டுப் பார்த்தாள்.

அடுத்த மூன்று நாளும் நீச்சல் என்று சொல்லத்தக்க எதையும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலிக்கு வெளியே சில தந்தையர் முணுமுணுத்ததும் உண்டு. தண்ணீருக்குள் முகத்தை வைத்து 'ம்ம்ம்' என்று முனகச் சொன்னார். அப்படி முனகும்போது மூக்கு வழியாகக் காற்று வெளியேறிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் உள்ளே ஏறாது; மூக்கில் தண்ணீர் ஏறி எரிவதுதான் பாதிப் பிள்ளைகளின் முதல் அச்சம் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிறகு முனகல், பெயர் சொல்லும் விளையாட்டாயிற்று: ஒருவர் தண்ணீருக்குள் ஒரு காய்கறியின் பெயரைச் சொல்ல, மற்றவர் காதையும் நனைத்துக்கொண்டு கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கத்தரிக்காய் எளிது, புடலங்காய் கடினம் என்பது என் மகளின் ஆராய்ச்சி முடிவு. அடியில் ஒரு ரூபாய் நாணயங்களைப் போட்டு எடுத்துவரச் சொன்னார். எடுத்தவர் அதைத் தண்ணீருக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். பெரியப்பாவின் கிணற்றில் பையன்கள் ஆடிய கல்லெடுக்கும் ஆட்டம்தான் அது, அதே தூக்கிக் காட்டும் பெருமையோடு. ஐந்தாம் நாள் சுவரில் காலை உதைத்து அம்புபோல் வழுக்கிப் போகச் சொன்னபோது, முகத்தை நனைக்கத் தயங்கும் பிள்ளை ஒருவர்கூட மிச்சமில்லை. அதற்குப் பின் காலடி, கைவீச்சு, மூச்சு எல்லாம் நான் எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்தன. முதல் குளத்தில் மிச்சப்படுத்துவதாக நினைத்த மூன்று நாளை, இரண்டாவது குளத்தில் செலவழித்துத்தான் மிச்சப்படுத்தினார்கள்.

இதில் குளத்தின் அமைப்புக்கும் பங்குண்டு என்பதால், பொறுப்பாளர்களிடம் ஒரு வார்த்தை. நம் நகரங்களின் பெரிய குளங்கள் பல, போட்டிகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. சென்னை வேளச்சேரிக் குளம் 1995 ஆம் ஆண்டின் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்தது. போட்டி வீரருக்கு 50 மீட்டர் நீளமும், நல்ல ஆழமும், 25 முதல் 28 டிகிரி வரையிலான நீரும் தேவை. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தேவை வேறு: கால் தரையில் பட வேண்டும், தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆழம் குறைந்த சிறுவர் குளம் இல்லாத இடங்களில், தண்ணீருக்குள் இறக்கிவைக்கும் உறுதியான மேடை ஒன்றைச் சுவரோரம் போட்டால், அந்த மேடையளவு இடம் சிறுவர் குளமாகிவிடும். இது பணக்கார நாட்டு யோசனை அல்ல. வங்கதேசத்தின் கிராமங்களில், நீச்சல்குளம் என்ற பேச்சே இல்லாத இடங்களில், ஊர்க்குளத்துக்குள் மூங்கிலால் தளமும் அடைப்பும் கட்டி, அதற்குள் பிள்ளைகளை நிற்கவைத்து நீச்சல் சொல்லிக்கொடுக்கும் திட்டம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. மூங்கிலைக் கட்டியாவது முதலில் பிள்ளையின் காலுக்குத் தரை கொடுத்துவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருச்சி வெயிலில் குளிரா என்று நீங்கள் சிரிக்கலாம். காலை ஏழு மணிக்கு நனைந்த உடம்போடு, காற்றில், தன் முறைக்காகக் காத்து நிற்கும் பிள்ளையின் உதட்டைப் பாருங்கள். சிறிய உடம்புக்கு எடையைக் காட்டிலும் தோற்பரப்பு ஒப்பீட்டளவில் அதிகம். பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். பல் கிட்டிக்கொண்டு நடுங்கும் பிள்ளைக்கு எந்த உற்சாகமும் எழாது. முதல் குளத்தில் ஒரு நாள் கைபேசியில் நேரம் குறித்துப் பார்த்தேன்: ஒரு மணி நேர வகுப்பில் என் மகள் தண்ணீரில் அசைந்தது எட்டு நிமிடம், மிச்ச நேரமெல்லாம் வரிசை. வரிசையை ஒழியுங்கள் என்பதே என் வேண்டுகோள். எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் ஏதாவது செய்துகொண்டிருக்கும்படி ஆட்டங்களை அமைக்க முடியும் என்பதை இரண்டாவது குளத்தில் கண்டேன். நடுங்குபவரை மேலேற்றித் துண்டு சுற்றி உட்காரவைப்பதும், அப்படி உட்கார்வது தோல்வியல்ல என்று சொல்வதும் அங்கே வழக்கமாக இருந்தது.

கண் எரிச்சலும் பிள்ளைகளை விரட்டுகிறது. "குளோரின் அதிகமாப் போட்டுட்டாங்க" என்று பெற்றோர் நாங்கள் பேசிக்கொள்வோம். உண்மையில், மூக்கைத் துளைக்கும் அந்த வாடையும் எரிச்சலும் பெரும்பாலும் குளோரின் மட்டும் தருவதல்ல; வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்து உண்டாகும் குளோரமின் என்னும் சேர்மங்கள் தருவது. இறங்குமுன் நன்றாகக் குளித்துவிட்டு, கழிப்பறைக்கும் போய்வந்தால் அது வெகுவாகக் குறையும். பல குளங்களில் 'குளிக்காமல் இறங்கக் கூடாது' என்ற பலகை மட்டும் தொங்குகிறது, காரணம் எழுதப்பட்டிருப்பதில்லை. எங்கள் பயிற்சியாளர் காரணத்தைப் பிள்ளைகளிடமே போட்டு உடைத்தார். அன்றிலிருந்து அந்த எட்டுப் பேரும் குளியல் குழாயடியில் காவல் நின்று, குளிக்காமல் நழுவிய ஒரு கல்லூரி மாணவரைத் திருப்பி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தேன். நைலான் உடைதான் போட வேண்டும் என்பதற்கும் இதே போல் காரணம் உண்டு: பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், அதன் நூல்பிசிறு வடிகட்டியில் போய் அடைக்கும். தலையில் எண்ணெயோடு வரக் கூடாது என்பதும் அப்படியே. விதிக்குக் காரணம் தெரிந்த பிள்ளை அந்தக் குளத்தைத் தன் குளமாக நினைக்கத் தொடங்குகிறது.

முதல் சில நாள்களில் நீச்சல் கண்ணாடி அணிய அனுமதியுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பழக்கம் கெட்டுவிடும் என்று மறுக்கும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்து தன் கால்விரல்களையே ஒரு முறை தெளிவாகப் பார்த்துவிட்ட பிள்ளை மறுபடி மறுபடி உள்ளே போகப் பார்க்கும்; பழக்கத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

சிறுமியரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. கிணற்று மேட்டில் துண்டுக்குக் காவல் இருந்தவள் என்று சொன்னேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்ற ஒரு கேள்வியோடு என் நீச்சல் அன்றே முடிந்தது. இன்று அந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்பதில்லை. அது வேறு வேடங்களில் வருகிறது. கறுத்துவிடுவாள், சளி பிடித்துக்கொள்ளும், முடி கொட்டும், உடை எப்படியோ இருக்கிறது, சொல்லிக்கொடுப்பவர் ஆண். இவற்றுள் சிலவற்றுக்கு நீங்கள் எளிதாக விடை தர முடியும். வெயில் தாழ்ந்த மாலை வகுப்பு ஒன்று. முழங்கால் வரை, முழங்கை வரை மூடும் நீச்சல் உடைக்கு மறுப்பின்றி அனுமதி. ஒரே ஒரு பெண் பயிற்சியாளராவது. உடை மாற்றும் அறையின் தாழ்ப்பாளைச் சரிசெய்வதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. முதல் குளத்தில் என் மகள் உடை மாற்றும்போதெல்லாம் நான் கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து, பதினொரு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு நாள் முகாமில் நான்கைந்து நாள் மாதவிடாயால் விட்டுப்போனால், கட்டணமும் போயிற்று, பாடமும் போயிற்று என்றாகிறது. விட்டுப்போன நாள்களை அடுத்த வகுப்பில் சேர்ந்து முடித்துக்கொள்ளலாம் என்று படிவத்தில் ஒரு வரி அச்சிட்டுவிட்டால், எந்தப் பிள்ளையும் வாய்விட்டுக் காரணம் சொல்லிக் கூச வேண்டியிராது.

பல குளங்களின் நுழைவாயிலில் பெரிய நீச்சல் வீரர்களின் படங்கள் இருக்கின்றன. தொடக்க நாள் உரையில் குற்றாலீஸ்வரனின் பெயரைச் சொல்லாத முகாம் தமிழ்நாட்டில் குறைவாகத்தான் இருக்கும். பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே, 1994 என்ற ஒரே ஆண்டில், பாக் நீரிணையும் ஆங்கிலக் கால்வாயும் உள்படக் கடலின் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்தவர் அவர். சொல்லத் தகுந்த பெருமைதான். ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றவே விடாத ஒரு பிள்ளைக்கு ஆங்கிலக் கால்வாய் வெகு தூரம். அவளுக்கு முன்மாதிரியாக வேண்டியவள், சென்ற வாரம் வரை தன்னைப் போலவே அழுதுகொண்டிருந்து, இன்று சுவரை விட்டுக் கையை எடுத்துவிட்ட பக்கத்துத் தெருச் சிறுமி. முந்தைய வகுப்பை முடித்த இரண்டு மூன்று பிள்ளைகளை அடுத்த வகுப்பின் முதல் நாளுக்கு வரவழையுங்கள். அவர்கள் பாடம் எதுவும் எடுக்க வேண்டாம். கூடவே தண்ணீரில் நின்று நாணயம் எடுத்தால் போதும்.

ஆபத்தைச் சொல்லி ஆர்வத்தைக் கெடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் இதையும் விட்டுவிட முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களுள் கிட்டத்தட்டக் கால்பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்று அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. காவிரியும் கொள்ளிடமும் ஓடும் ஊர் எங்களுடையது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், கைவிடப்பட்ட கல்குவாரியிலோ ஆற்று மடுவிலோ குளிக்கப் போன பிள்ளைகளின் செய்தி வராமல் இருந்ததில்லை. அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது, ஒருவனைக் காப்பாற்ற இறங்கிய மற்றவனும் போனான் என்பது. இதைப் பிள்ளைகளிடம் அச்சுறுத்தும் பாடமாகச் சொல்ல வேண்டியதே இல்லை, ஆட்டமாகவே சொல்லலாம். எங்கள் பயிற்சியாளர் கடைசி வாரம் ஒருவரைத் தண்ணீரில் 'மாட்டிக்கொண்டவராக' நடிக்கவைத்து, கரையில் இருப்பவர்கள் தாங்கள் இறங்காமல் அவரை எப்படி இழுப்பது என்று போட்டி வைத்தார். துண்டு, கயிறு, மூங்கில் கழி, பாதி தண்ணீர் அடைத்த பெரிய பிளாஸ்டிக் கேன் என்று அவர்கள் கண்டுபிடித்தவை ஏராளம். இறங்கியவர் ஆட்டத்தில் தோற்றவர். மல்லாந்து மிதந்தபடி மூச்சுவிட்டுக்கொண்டே யார் அதிக நேரம் இருப்பது என்பதும் ஒரு போட்டி. அது உயிர் காக்கும் பாடம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு பாட்டுப் பாடினார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் எனக்கு உங்களோடு சிறு பிணக்கு உண்டு. 'பன்னிரண்டே நாளில் நீச்சல்' என்ற பதாகை பெற்றோரை ஈர்க்கிறது. அதை வைப்பதற்கு உங்களைவிட அவசரக்காரர்களாகிய நாங்களே காரணம். ஆனால் அந்தப் பதாகைதான் மூன்றாம் நாள் பிள்ளையைத் தூக்கிப் போடவைக்கிறது. பன்னிரண்டாம் நாள் மாலை எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சிட்ட சான்றிதழ் தருவதற்குப் பதிலாக, அந்தப் பிள்ளையால் அன்று என்ன முடிகிறதோ அதை மட்டும் கையால் எழுதிக் கொடுங்கள். என் மகளின் அட்டையில், "மல்லாந்து இரண்டு நிமிடம் மிதப்பாள். ஆறு நாணயம் எடுப்பாள். குளத்தின் அகலம் பாதி நீந்துவாள்" என்றிருக்கிறது. அந்த 'பாதி' என்ற சொல்லைத் திருத்தி எழுதவைக்கத்தான் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை எழுப்புகிறாள். அச்சிட்ட சான்றிதழாக இருந்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்போம், மறந்திருப்போம்.

பெற்றோர் பக்கத்துக் குறைகளையும் நான் அறியாதவளல்ல. சாப்பிடாத பிள்ளையிடம் "நீச்சல் மாஸ்டர்கிட்ட விட்டுடுவேன்" என்று மிரட்டுகிறோம். அப்படிச் சொல்லிச் சொல்லியே நீங்கள் முகம் பார்ப்பதற்கு முன்னே உங்களை எதிரியாக்கி அனுப்புகிறோம். வேலிக்கு வெளியிலிருந்து, "அந்தப் பையன் எப்படிப் போறான் பாரு, உனக்கென்ன?" என்று கத்துகிறோம். நாங்கள் நிற்க வேண்டிய இடத்தை நீங்கள் கறாராகச் சொல்லலாம். எங்களுள் பெரும்பாலானோர் கேட்டுக்கொள்வோம். வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல்லியனுப்புங்கள். வாளியில் முகம் வைத்துக் குமிழி விடுவதும், குவளையால் முதலில் தோளுக்கு, பிறகு கழுத்துக்கு, பிறகு பின்தலைக்கு என்று ஊற்றிப் பழக்குவதும் முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கக் கூடியவை. யாரும் எங்களிடம் சொன்னதில்லை என்பதால்தான் நாங்கள் செய்யவில்லை. நான் மகளோடு சேர்ந்து, மாலை நேரப் பெண்கள் வகுப்பில் நாற்பத்தொரு வயதில் நீச்சல் கற்கத் தொடங்கியிருக்கிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சொம்புப் பாடம் எனக்கும் நடந்தது. இன்னும் மல்லாந்து மிதக்க வரவில்லை. மகள் பக்கத்தில் நின்று என் பின்தலையை உள்ளங்கையில் தாங்கிப் பிடிக்கிறாள்.

கடைசியாக, விண்ணப்பப் படிவத்தைப் பற்றி ஒரு சிறு வேண்டுகோள். இரண்டு குளங்களின் படிவங்களையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். பிள்ளையின் உயரம், எடை, இரத்த வகை, ஒவ்வாமை, வலிப்பு உண்டா, மருத்துவர் சான்று, பெற்றோர் கையொப்பம், விபத்து நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற உறுதிமொழி என எல்லாம் இருக்கின்றன. 'உங்கள் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் எப்படி? இதற்கு முன் ஏதேனும் நடந்ததா?' என்று கேட்கும் வரி இரண்டிலும் இல்லை. இந்த ஏப்ரலில் எங்கள் தெருவிலிருந்து ஐந்து பிள்ளைகள் உங்கள் முகாம்களுக்கு வருகிறார்கள். அவர்களுள் ஒரு பையன் மழை வந்தால்கூடக் குடைக்குள் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். அவனுடைய அம்மா அதை எழுதுவதற்குப் படிவத்தின் ஓரத்தில் இடம் தேடிக்கொண்டிருக்கிறார். ஏப்ரலுக்குள் அந்த ஒரு வரியை மட்டுமாவது அச்சிட்டுவிட முடியுமா என்று தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் முகாமில் பயிலும் ஒரு சிறுமியின் தாய்,
திருச்சிராப்பள்ளி